லட்சுமி என்று நான் பதிந்தவள்

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு அரை மணித்தியாலம் கதைக்க வரச்சொல்லி நிரோஷா கேட்டபோது நான் ஓய்வு பெற்று ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. நான் இருந்த கதிரையில் இப்போது இருப்பவள் அவள். "பயப்பிடாதேங்கோ சாந்தி மிஸ், லெக்சர் இல்லை. ரோட்டில இருந்து ஆக்களை எப்பிடிக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள் எண்டு சும்மா சொன்னாக் காணும்" என்றாள். இருபத்தாறு வருஷத்தைச் சும்மா சொல்வது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் வெள்ளவத்தையில் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். பழக்கம் விடவில்லை. ஏற முதல், பஸ் தரிப்பிடத்து வாங்கில் படுத்திருந்தது யார் என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் ஏறினேன்.

எங்கள் இல்லம் கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கைக்குள் இருக்கிறது. மனநோயோடு தெருவில் தங்கிப்போன பெண்களைக் கொண்டுவந்து வைத்துப் பராமரிக்கும் இடம். மருந்து கொடுத்து, கொஞ்சம் தெளிந்ததும் வீட்டைக் கண்டுபிடித்து ஒப்படைப்போம். வீடு கிடைக்காதவர்கள் எங்களோடேயே இருந்துவிடுவார்கள். என் பதவி வெளிக்கள உத்தியோகத்தர். பெயர்தான் பெரிது. தொலைபேசி அடித்தால் ஒரு குடையையும் ஒரு போத்தல் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு ஓடவேண்டியதுதான் வேலை.

பயிற்சி என்று மூன்று மாதம் நடத்தினார்கள். அதில் என்ன சொன்னார்கள் என்று இன்றைக்குக் கேட்டால் மத்தியானச் சாப்பாடு நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்வேன். வேலையை மேட்ரனிடம்தான் பழகினேன். மேட்ரன் பிலோமினா, கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவர். அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்று எங்கள் இல்லத்துக்குத் தலைவியாக வந்தவர். மெலிந்த, உயரமான மனுஷி. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, இடுப்பில் ஒரு சாவிக்கொத்து. கோபம் வந்தால் மற்றவர்களுக்குச் சத்தம் கூடும், அவருக்குக் குறையும். மேட்ரன் மெல்லக் கதைக்கிறார் என்றால் குசினியில் சட்டி கழுவுகிறவள்கூடக் கையை நிறுத்திவிடுவாள்.

அவருடைய முதல் சட்டம், நின்றுகொண்டு கதைக்கக் கூடாது. தெருவில் இருப்பவர் எந்த உயரத்தில் இருக்கிறாரோ அந்த உயரத்துக்கு இறங்கி, இரண்டு கை நீளம் தள்ளி, நிலத்தில் இருக்கவேண்டும். பெயரைக் கேட்கக் கூடாது. "பேரு கேக்கிறது பொலிஸ்காரன்ட வேலை. நீ, தேத்தண்ணி குடிச்சாச்சாண்டு கேளு" என்பார். இரண்டாவது, பையைத் தொடக் கூடாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேலையில் சேர்ந்த முதல் மாதம், மருதானை ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு அம்மாவைக் கூட்டிவந்தேன். அவரிடம் ஏழு ஷொப்பிங் பைகள். ஒன்றில் ஊத்தைச் சீலைத் துண்டுகள் மட்டும் நாறிக்கொண்டு கிடந்தன. உதவி செய்வதாக நினைத்து அதைக் குப்பையில் போட்டேன். அவர் மற்ற ஆறையும் எடுத்துக்கொண்டு கேட்டைத் திறந்து வெளியே நடந்துவிட்டார். திரும்ப அவரைக் கூட்டிவர எனக்கு ஐந்து வாரம் பிடித்தது. மேட்ரன் ஏசவில்லை. அந்தக் குப்பை வாளியை என்னையே கழுவச் சொன்னார், அவ்வளவுதான்.

மூன்றாவது சட்டம்தான் விசேஷமானது. வேறெந்த இல்லத்திலும் நான் அதைக் காணவில்லை. பதிவுப் புத்தகத்தில் எழுத ஒரு நீலப் பேனையும் ஒரு பென்சிலும் நூல் கட்டித் தொங்கவிட்டிருப்பார். கண்ணால் கண்டதைப் பேனையால் எழுதவேண்டும். கேள்விப்பட்டதையும் நினைப்பதையும் பென்சிலால் எழுதவேண்டும். காலில் புண், பேனை. விழுந்ததால் வந்த புண், பென்சில். யாராவது சொந்தக்காரர் கடதாசியோடு வந்து உறுதிப்படுத்தினால்தான் பென்சிலுக்கு மேல் பேனை ஓடும். பேனையால் பிழை விட்டால் அழிக்கவோ கீறிக் கிழிக்கவோ கூடாது. ஒரேயொரு கோடு, பக்கத்தில் கையெழுத்து. கோட்டுக்குக் கீழே இருக்கிற பிழை எப்போதும் வாசிக்கக்கூடியதாக இருக்கவேண்டும்.

இவ்வளவையும் அந்தப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். சிரித்தார்கள், சிலர் எழுதிக்கொண்டார்கள். பிறகு ஒரு பிள்ளை தன் போனைக் காட்டினாள். இப்போது பதிவுப் புத்தகம் இல்லை, எல்லாம் போனில். பெயர், வயது, இனம், சமயம் என்று கட்டங்கள். சமயத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம். அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போகவிடாது.

"தெரியாட்டி என்ன மிஸ் போடுறது?"

"தெரியாது எண்டு போடுங்கோ."

"அப்பிடி ஒண்டு இதில இல்லை மிஸ். நாலு சமயமும், மற்றவை எண்டும்தான் இருக்கு."

நான் ஏதோ மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். அவளுக்குச் சொல்லியிருக்கவேண்டிய பதில் என்னிடம் இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் இருக்கும். வெள்ளவத்தையில் ஒரு கோயில் வாசலில் ஒரு பெண் இரண்டு கிழமையாக இருக்கிறாள், வாய் திறக்கிறாள் இல்லை என்று தகவல் வந்தது. என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். போய்ப் பார்த்தேன். நாற்பது வயது மதிக்கலாம். செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி இருந்தாள். யாரோ கொடுத்த பழைய சேலை. நெற்றி நிறையத் திருநீறு, நடுவில் குங்குமம். தலைமயிர் சடையாகி, பேன் கண்ணுக்குத் தெரிந்தது. பூ விற்கிற பெண் சொன்னாள்: "பாவம், அன்னதானம் குடுத்தாச் சாப்பிடுவா. ஒரு கரைச்சலும் இல்லை." நான் நிலத்தில் இருந்தேன். தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். குடித்தாள். மூன்றாம் நாள் என்னோடு எழும்பி வந்தாள். பொலிஸில் பதிந்துவிட்டு இல்லத்துக்குக் கொண்டுவந்தோம். தலையில் புண் இருந்தபடியால் மொட்டை அடிக்கவேண்டி வந்தது. குளிப்பாட்டியதும் வேறொரு ஆள் மாதிரி இருந்தாள்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. புத்தகத்தைத் திறந்து பேனையை எடுத்தேன். பெயர்: லட்சுமி, வெள்ளிக்கிழமைக்காக நானே வைத்தது. இனம்: தமிழ். சமயம்: இந்து. எல்லாம் நீல மையில், என்னுடைய அழகான கையெழுத்தில். எங்களுடைய ஆள் ஒருத்தியை எங்களுடைய கோயில் வாசலிலிருந்து எடுத்துவந்திருக்கிறேன் என்ற எண்ணத்தில் எனக்கு ஒரு சின்னப் பெருமையும் இருந்தது. அதை ஒளிக்க விரும்பவில்லை.

அடுத்த நாள் மேட்ரன் புத்தகத்தைப் பார்த்தார்.

"இவ இந்துண்டு யார் சொன்னது பிள்ளை?"

"நெத்தியில திருநீறு இருந்தது மேட்ரன். நான் கண்ணால கண்டனான்."

"நெத்தி அவட. பூசின கை யார்ட?"

நூலில் தொங்கிய பென்சிலை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"கோடு போட்டுட்டுப் பென்சில்ல எழுது" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனார். நான் கோடு போடவில்லை. பன்னிரண்டு வருஷம் வேலை செய்தவளுக்குப் பென்சில் பிடிக்கச் சொல்லித் தருகிறாரே என்று மூக்குக்கு மேல் கோபம். பிறகு பார்ப்போம் என்று விட்டேன். அந்தக் கிழமையே மேட்ரனுக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை, ஆறு வாரம் வரவில்லை. வந்தபோது அந்தப் பக்கத்துக்கு மேல் வேறு பல பக்கங்கள் எழுதப்பட்டிருந்தன.

லட்சுமியின் வீட்டைத் தேடினேன். நன்றாகவே தேடினேன். யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு என்று தெரிந்த இடமெல்லாம் விபரம் அனுப்பினேன். கோயில்களுக்கு எழுதினேன். மலையகத்தில் தோட்டப் பாடசாலை அதிபர்கள் சிலருக்கும் எழுதினேன். ஒரு இடத்திலிருந்தும் பதில் இல்லை. அவளுக்குக் கீழ்மாடி ஜன்னலோரக் கட்டில். அதிலிருந்து பார்த்தால் முன் கேட்டும் அலுவலக வாசலும் தெரியும். மருந்தைக் குடிப்பாள், துணி மடிப்பாள், சொன்ன வேலையைச் செய்வாள். வாய் மட்டும் திறக்கவில்லை.

நான்காம் மாதமளவில் ஒருநாள் காலை முழுக்க ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள் என்றும், மத்தியானம் அழுதாள் என்றும், சாப்பிடக் கூப்பிட்டபோது கம்பியை விடவில்லை என்றும் நாளாந்தக் குறிப்பில் இருக்கிறது. கீழே, பென்சிலில், 'காரணம் தெரியவில்லை'. டொக்டர் ஒரு மாத்திரையைக் கூட்டினார். இப்படியான நாட்கள் எல்லாருக்கும் வருவதுதான் என்று நாங்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

ஒன்பதாம் மாதம் அவள் சாப்பாட்டை நிறுத்தினாள். காலை ஏழரைப் பாண், தொடவில்லை. பன்னிரண்டரைச் சோறு, தொடவில்லை. எங்கள் இல்லத்தில் இரவுச் சாப்பாடு ஐந்தரைக்கே வைத்து ஆறு மணிக்குச் சாப்பாட்டுக் கோப்பைகளை எடுத்துவிடுவோம். அதுவும் அப்படியே திரும்பியது. தண்ணீரும் இல்லை. விடிய முதல் எழும்பித் தலையணைக்குக் கீழே ஒளித்த பாண் துண்டைத் தின்கிறாள் என்று இரவு உதவியாளர் முறைப்பாடு சொன்னாள். 'உணவு மறுப்பு. உணவை ஒளித்தல்' என்று எழுதினோம். முகம் ஒடுங்கிவிட்டது. பத்து நாள் கழிந்ததும் டொக்டர், நாளைக்கும் இப்படி என்றால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி சேலைன் ஏற்றவேண்டும், மனநோய் வார்டில் சேர்க்கவேண்டி வரும் என்றார். வார்டு என்றால் ஒன்பது மாத முன்னேற்றம் அத்தனையும் போச்சு. எங்கள் எல்லாருக்கும் அது தெரியும்.

மேட்ரன் குறிப்பை வாசித்தார். "வெச்ச நேரம் எழுதியிருக்கு. எடுத்த நேரம் எழுதியிருக்கு. இடையில என்ன நடந்ததுண்டு ஒருத்தரும் எழுதல்லையே. இண்டைக்கு அவட கோப்பையை எடுக்க வேணாம். நீ பக்கத்துல இருந்து பாரு."

ஐந்தரைக்குச் சோறும் பருப்பும் வைத்தார்கள். நான் நிலத்தில், இரண்டு கை நீளம் தள்ளி இருந்தேன். லட்சுமி கோப்பைக்கு முன்னால் சம்மாணம் கட்டி இருந்தாள். பசியோடு இருக்கிற ஆள் என்று பார்த்தாலே தெரிந்தது. கண் சோற்றில், கை மடியில். ஆறு மணி. மற்றவர்கள் எழும்பிப் போனார்கள். அவள் அசையவில்லை. ஆறே கால் ஆகியிருக்கும், பக்கத்து ஒழுங்கைப் பள்ளிவாசலில் மாலைத் தொழுகைக்குப் பாங்கு சொல்லத் தொடங்கியது. அவள் தண்ணீர்க் கோப்பையைத் தூக்கினாள். மூன்று மிடறு குடித்தாள். பிறகு சோற்றில் கை வைத்தாள்.

நான் அந்த ஒழுங்கையில் பன்னிரண்டு நோன்பு மாதங்கள் வேலை செய்தவள். அந்தப் பள்ளிவாசலிலிருந்து ஒவ்வொரு வருஷமும் எங்களுக்குக் கஞ்சி வரும். அந்த வருஷமும் முதல் நாளே முன் கேட் வழியாக வாளி வந்தது, அவள் ஜன்னலுக்கு முன்னாலேயே வந்தது. நாங்கள் அதை ஐந்து மணிக்கே பங்கிட்டுக் குடித்தோம். அவள் தன் பங்கைத் தள்ளிவைத்தாள். அதையும் 'மறுப்பு' என்று எழுதிவிட்டு, வாளியைக் கழுவித் திருப்பிக் கொடுத்தவள் நான்.

அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்து கேட்டேன். "நோன்போ?"

என்னைப் பார்த்தாள். ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக வாய் திறந்தது. "ஓம். இன்னம் பத்தொன்பது நோம்பு ஈக்கி."

பெயர் பௌசியா. வீடு மாளிகாவத்தையில், தொடர்மாடியில் மூன்றாம் மாடி. கொட்டாஞ்சேனையிலிருந்து ஓட்டோவில் கால் மணித்தியாலம் ஆகாது. நான் யாழ்ப்பாணம்வரைக்கும் கடிதம் போட்டுத் தேடிய வீடு.

யாரையும் நேரே வீட்டுக்குக் கொண்டுபோய் இறக்கக் கூடாது, முதலில் நாங்கள் போய்ப் பார்க்கவேண்டும் என்பது ஒழுங்கு. அடுத்த நாள் காலை நான் தனியாகப் போனேன். பௌசியாவின் தங்கை கதவைத் திறந்தாள். விஷயத்தைச் சொன்னதும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். பௌசியாவுக்குப் பல வருஷமாகச் சுகமில்லை. மேல்மாடியில் ஒரு கல்யாணம், கதவு திறந்து கிடந்தது, சனத்தோடு சனமாக இறங்கிப் போய்விட்டாள்.

"உம்மா இருக்கிறாவோ?" என்று கேட்டேன்.

"உம்மா மௌத்தாகி ரெண்டு மாசம். கடைசி வரைக்கும் தாத்தாவத்தான் கேட்டா." அக்காவை அவர்கள் தாத்தா என்றுதான் சொல்வார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "தேடாத எடம் இல்ல மிஸ். கொட்டாஞ்சேனைல பொம்பளைங்கள வெச்சிருக்கிற எடம் ஒண்டுக்கும் உம்மா தனியாப் போன. அங்க முஸ்லிம் ஆள் ஒருத்தரும் இல்லண்டு சொல்லிட்டாங்களாம்."

கொட்டாஞ்சேனையில் அப்படி ஒரு இடம்தான் இருந்தது.

திரும்பி வந்ததும் வருகையாளர் புத்தகத்தை எடுத்தேன். ஐந்து மாதம் பின்னுக்குப் புரட்டினேன். இருந்தது. 'காணாமற்போன மகளை விசாரித்து மாளிகாவத்தையிலிருந்து ஒரு தாய் வந்தார். முஸ்லிம் பெண் எவரும் இங்கு இல்லை எனத் தெரிவிக்கப்பட்டது.' நீல மை. என் கையெழுத்து. அப்போதுதான் எனக்கு அந்த மனுஷி ஞாபகம் வந்தார். வெள்ளைச் சேலையால் தலையை மூடிக்கொண்டு, அடையாள அட்டையின் போட்டோப்பிரதி ஒன்றை மடித்து மடித்துக் கையில் வைத்திருந்தார். அதில் முக்காடு போட்ட ஒரு இளம் பெண்ணின் கறுத்துப்போன படம். இல்லத்தில் இருப்பவர்களை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவதில்லை. முதலில் புத்தகத்தைப் பார்ப்போம், விபரம் பொருந்தினால்தான் உள்ளே விடுவோம். அது நல்ல சட்டம். நான் சமயப் பத்தியில் மேலிருந்து கீழே விரலை ஓட்டினேன். இல்லை என்றேன். "வடிவாப் பாருங்க மகள்" என்றார். இன்னொரு தடவை ஓட்டினேன். இல்லை என்றேன். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார். லட்சுமியின் 'இந்து' பென்சிலால் எழுதப்பட்டிருந்தால் என் விரல் அதில் நின்றிருக்கும், உள்ளே கூட்டிக்கொண்டு போயிருப்பேன். அவள் கட்டிலுக்கு நாற்பது அடி தூரம்.

இரண்டு புத்தகத்தையும் மேட்ரனிடம் கொண்டுபோய் விரித்து வைத்தேன். வேலையை விடுகிறேன் என்றும் சொன்னேன். அவர் இரண்டையும் முழுதாக வாசித்தார்.

"நீ போனா இது சரிவருமா?" என்று கேட்டார். சத்தம் மிகவும் குறைந்திருந்தது. "ஒரு கோடு போடு. கையெழுத்து வை. கீழ இருக்கிறது வாசிக்கத் தெரியோணும்." பிறகு தன் கையெழுத்தையும் பக்கத்தில் வைத்தார். "நானும் திரும்பிப் பாக்கல்ல" என்றார். அதற்கு மேல் நாங்கள் இரண்டு பேரும் அதைப்பற்றிக் கதைத்ததில்லை. மேட்ரன் இப்போது இல்லை.

பௌசியாவை மூன்றாம் நாள் வீட்டில் விட்டோம். தாய் இல்லை என்பதைத் தங்கைதான் சொன்னாள். மாதாமாதம் கிளினிக்குக்கு ஒழுங்காக வந்தாள். இப்போது வீட்டிலிருந்து தலையணை உறை தைத்துக் கொடுக்கிறாள். நோன்பு மாதம் வந்தால் எனக்குக் கஞ்சி கொண்டுவருவாள், நான் ஓய்வு பெற்ற பிறகும் பஸ் ஏறி வெள்ளவத்தைக்கே கொண்டுவருகிறாள். எத்தனையோ கஞ்சி குடித்துவிட்டேன். அந்த வருகையாளர் புத்தகத்தைப் பற்றி நான் அவளிடம் ஒருநாளும் வாய் திறக்கவில்லை. அவளுக்குச் சொல்லாததை ஊருக்கு எழுதுவது சரியில்லை என்று இதை எழுதத் தொடங்கியபோது தீர்மானித்தேன்.

இந்த நோன்பில் ஒருநாள் பின்னேரம் வந்தாள். டிபன் பெட்டியைத் திறந்து இரண்டு கோப்பையில் ஊற்றினாள். எனக்கு நோன்பு இல்லைதான், ஆனாலும் பாங்கு கேட்கும்வரை நான் அந்தக் கஞ்சியைத் தொடுவதில்லை. இரண்டு பேரும் காத்திருந்தோம். அப்போது சொன்னேன்.

"பௌசியா, உங்கட உம்மா இல்லத்துக்கு வந்தவா. நீங்கள் உள்ள இருக்கேக்க. இல்லை எண்டு சொல்லித் திருப்பி அனுப்பினது நான்தான்."

அவள் கோப்பையின் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"தெரியும் மிஸ். நான் பாத்த. ஜன்னலால. உம்மா முன் கேட்டால வந்தா, நீங்க தண்ணி குடுத்த, குடிச்சிட்டுப் போனா. கூப்பிடப் பாத்தேன் மிஸ், வாய் வரல்ல." கோப்பையை என் பக்கம் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க தெரியாம அனுப்பின. நான் தெரிஞ்சு நிண்ட."

வெள்ளவத்தைப் பள்ளிவாசலில் பாங்கு தொடங்கியது. "குடிங்க, ஆறிடும்" என்றாள். நான் கோப்பையைத் தூக்கினேன். கஞ்சி மடியில் சிந்தியது. அவள் தன் முந்தானையால் அதைத் துடைத்துவிட்டாள். இது நான் கண்ணால் கண்டது. பேனையால்தான் எழுதுகிறேன்.